முகவரிச் சீட்டு போதாது, கூட்டிப் போக ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிப்பழக்கம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்களில் அடியில் கட்டம் கட்டி ஓரிரண்டு உதவி எண்கள் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த எண்ணை அழைத்தவர் அடுத்து எங்கே போகிறார், போன இடத்தில் என்ன நடக்கிறது, முதல் வாரம் போனவர் இரண்டாம் வாரம் ஏன் போவதில்லை என்று யாரும் எழுதுவதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்த இந்தப் பகுதியில் குடிநோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் வேலை செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். குடியை நிறுத்த விரும்புவோர் கூட்டம் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சார்பில் எழுதவில்லை. அங்கே தனி ஒருவர் மொத்த அமைப்புக்காகவும் பேசும் வழக்கம் கிடையாது.

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சீட்டில் ‘ஏ.ஏ. மீட்டிங் போகவும்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து துவைத்துக் கூழாகிவிடும். இது நோயாளியின் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். 1981இல் அமெரிக்காவில் 20 குடிநோயாளிகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். பத்துப் பேருக்குக் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, போகச் சொல்லி அனுப்பினார்கள். மற்றப் பத்துப் பேரை ஆலோசகர் முன்னிலையிலேயே ஒரு ஏ.ஏ. உறுப்பினரோடு போனில் பேசவைத்து, அவரே முதல் கூட்டத்துக்குத் துணைக்கு வரும்படி ஏற்பாடு செய்தார்கள். முதல் பத்துப் பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. அடுத்த பத்துப் பேரும் போனார்கள். இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வேலூரில் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அந்தக் கணக்கு தப்பென்று சொல்லத் தோன்றாது.

போனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையின் பகுதியாக முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 42 பேர் அறவே குடிக்காமல் இருந்தார்கள். வேறு சிகிச்சைகளில் அது 35. நூறு கிடையாது, நாற்பத்திரண்டு. ‘ஏழே நாளில் குடியை மறக்க வைக்கிறோம்’ என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

கூட்டம் தேடுவதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதச் சாராயம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம் இருக்கிறது. மாதக்கணக்கில் தினமும் அந்த அளவோ அதற்கு மேலோ குடித்தவர், அதிலும் காலையில் கை நடுக்கம் நிற்கவே கொஞ்சம் ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தவர், சபதம் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிடுங்குவது என்று போனால் அது பேய் பிடித்ததல்ல, தர்காவுக்கோ கோயிலுக்கோ தூக்கிக்கொண்டு போகிற நேரமும் அல்ல; நேரே அவசரச் சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். கடை மூடியிருக்கும் காந்தி ஜெயந்தி அன்று ஒருவருக்குக் கை எப்படி நடுங்குகிறது என்று பார்த்தாலே வீட்டாருக்கு விஷயம் புரிந்துவிடும்.

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கம், தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சார், தெம்பா இருக்கட்டும்’ என்று கேட்பது. நாள்படக் குடித்தவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், நினைவு போகும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையமோ, அவரவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, எங்காவது டாக்டர் பார்த்து, நடுக்கத்தை அடக்கும் மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து அந்த முதல் வாரத்தைக் கடத்திவிட வேண்டும். குழு அதற்கடுத்த வேலை. நடுங்கிக்கொண்டிருக்கும் ஆளைக் கூட்டத்தில் உட்காரவைத்தால் அவருக்கு ஒரு வார்த்தையும் ஏறாது; ‘போனேன், ஒண்ணும் இல்லை’ என்பதுதான் மிஞ்சும்.

இனி கூட்டத்தைக் கண்டுபிடிப்பது. தமிழக அரசின் 104, மனநல உதவிக்கான 14416 ஆகிய இரண்டிலும் தமிழில் பேசலாம். போதைமீட்புக்கான தேசிய எண் 14446. ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கும். பட்டியலில் இருப்பதாலேயே கூட்டம் இன்றும் அங்கேதான் நடக்கிறது என்று நம்பிக் கிளம்பக் கூடாது. வாடகை அறை மாறும், பள்ளி விடுமுறையில் கேட் பூட்டியிருக்கும், ஆறு மணி ஆறரையாகியிருக்கும். அன்றைக்கே மதியம் போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள்: இன்றைக்குக் கூட்டம் உண்டா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்த வாசல் வழியாக வரவேண்டும், வாசலில் யாராவது நிற்பார்களா. நாலாவது கேள்விதான் முக்கியம். ‘நான் வந்து நிக்கிறேன், நீல சட்டை, வாங்கண்ணே’ என்று பதில் சொல்கிற குழு உயிரோடு இருக்கிற குழு. ‘வந்து பாருங்க’ என்று வைத்துவிட்டால் இன்னொரு எண்ணை முயன்று பார்க்கலாம்.

திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம்: மனைவி, அண்ணன், கல்லூரி மாணவர்கள், ஏன் உங்கள் நிருபர்கூட. மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். உறுப்பினராக வேண்டிய தகுதி ஒன்றுதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். படிவம் கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது. கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். அது அறை வாடகைக்கும் டீ செலவுக்கும். பத்து ரூபாய் போடலாம், போடாமலும் விடலாம், முதல் தடவை வந்தவரைப் போடச் சொல்லவே மாட்டார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய ஏழாவது மரபு. எனவே ‘ஏ.ஏ. மறுவாழ்வு மையம், மாதம் இவ்வளவு’ என்று யாராவது கட்டணம் சொன்னால் அது ஏ.ஏ. இல்லை.

கட்டணம் வாங்கி ஆளைத் தங்கவைக்கும் மையங்கள் வேறு. அவை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. ராத்திரியில் வேன் வைத்து ஆளைத் தூக்கிப் போகிறோம் என்று சொல்லும் இடங்களில் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

சரி, இரண்டு மூன்று குழு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. எதற்குப் போவது? எல்லோரும் முதலில் பார்ப்பது வீட்டுக்குப் பக்கமா என்பதை. நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது நாளையும் மணியையும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆனால் ஒருவர் குடிக்கிற நேரம் அந்தப் பத்து மணி நேரமும் கிடையாது; அவரவருக்கு ஒரு நேரம் உண்டு. கட்டட வேலைக்காரருக்குச் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு. தோல் ஷாப்பில், ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் குழம்பு கொதிக்கும்போதே சிலருக்கு. உடம்பு அந்த மணிக்குப் பழகியிருக்கிறது. அந்த மணி வந்தால் தானாகக் கால் நடக்கும். ஆகவே சனிக்கிழமை மாலை ஆறரைக்குக் கூட்டம் இருந்தால் ஒரு கூலித் தொழிலாளிக்கு அதுதான் சரியான கூட்டம், அது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தாலும். கூலியை வீட்டில் கொடுத்துவிட்டுப் பஸ் காசோடு மட்டும் கிளம்பட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை காலை நடக்கும் கூட்டம் அவருக்குப் பாதிப் பலன்கூடத் தராது.

அடுத்து, திரும்பி வருகிற வழி. கூட்டம் எட்டு மணிக்கு முடியும், கடை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை எத்தனை கடை, எந்தப் பக்கம் என்று பகலில் ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்வது நல்லது. கடை இல்லாத சந்து வழியாக ஐந்து நிமிடம் கூடுதலாக நடப்பதில் குற்றமில்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தையும் பார்க்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு மணி நேரம் நிற்பது புதிதாக நிறுத்தியவருக்குப் பெரிய சோதனை. ரயில் வசதியாக இருக்கிறதே என்று ஜோலார்பேட்டை–காட்பாடி தடத்தை நம்புகிறவர்களும் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் எப்படி வருவது என்று யோசிக்கட்டும். குடியாத்தம் ஸ்டேஷன் ஊரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கடை மணியே பொருந்தாத ஒரு வகையினரும் இங்கே உண்டு. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கும் ஊர்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்குக் கேன்டீன் சரக்கு பீரோவிலேயே இருக்கும். அவர்களுக்கு ஆபத்தான நேரம் பென்ஷன் வாங்கிவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பகல் பொழுது. அவர்கள் காலைக் கூட்டமோ இணையவழிக் கூட்டமோ தேட வேண்டும். கேன்டீன் கார்டில் அந்தப் பங்கை வாங்காமல் விடவும் வேண்டும். ‘வாங்கி மச்சானுக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று ஆரம்பிப்பது மச்சானிடம் போய்ச் சேர்வதில்லை.

நிறையக் குழுக்கள் சர்ச் வளாகத்திலோ கிறிஸ்தவப் பள்ளி அறையிலோ கூடுகின்றன. குறைந்த வாடகைக்கு மாலையில் காலியாக இருக்கும் அறை அங்கே கிடைக்கிறது என்பதுதான் காரணம். மேல்விஷாரத்திலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வரும் இஸ்லாமியரும், மாலை போட்டு விரதமிருக்கும் பக்தரும், சாமியே இல்லை என்பவரும் அதே நாற்காலிகளில்தான் உட்காருகிறார்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, ‘நாம் உணர்ந்த வகையில்’ என்ற அடைமொழியோடு. தி.க. மேடையில் நின்றவர் அந்த இடத்தில் குழுவின் பலத்தையே வைத்துக்கொண்டாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஒரு குழுவில் ஜெபக்கூட்டமோ பஜனையோதான் பாதி நேரம் நடக்கிறது என்றால் அது அந்தக் குழுவின் கோளாறு. வேறு குழு பாருங்கள்.

அறைக்குள் போய்விட்டீர்கள். பின்வரிசையில் உட்காரலாம், பேசவேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் முறை வரும்போது பெயரை மட்டும் சொல்லி, ‘இன்னைக்குக் கேக்க வந்திருக்கேன்’ என்றால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. அதனால் ‘எல்லோரும் நம்மைப் பிடித்துக் காய்ச்சுவார்கள்’ என்ற பயம் வேண்டாம். குடித்துவிட்டு வந்துவிட்டால்? கலாட்டா செய்யாதவரை பெரும்பாலும் உட்கார விடுவார்கள், பேச மட்டும் விடமாட்டார்கள். முடிந்ததும் யாராவது பஸ் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

இப்போது கவனிக்க வேண்டியவை. பேசுகிறவர்கள் எவ்வளவு குடித்தோம், எங்கே விழுந்தோம் என்பதையே சுவைபடச் சொல்லிச் சிரிக்கிறார்களா, அல்லது நேற்று சாவு வீட்டில் எப்படிக் குடிக்காமல் திரும்பினேன் என்று சொல்கிறார்களா? முதல் வகைப் பேச்சு கொஞ்சம் வேண்டும், நம்மைப் போன்ற ஆள்தான் இவரும் என்று தெரிவதற்கு. முழு நேரமும் அதுவே என்றால் வெளியே வரும்போது நாக்கு ஊறும். அறையில் ஒரு மாதக்காரர், ஒரு வருடக்காரர், பத்து வருடக்காரர் மூன்று பேரும் இருக்கிறார்களா? பழைய ஆட்கள் மட்டும் இருந்தால் புதியவருக்கு அது ஓய்வூதியர் சங்கம் போலத் தோன்றும். எல்லோரும் புதியவர்கள் என்றால், தடுமாறும்போது பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது.

‘எந்த ஊருங்க?’ என்று கேட்பது சாதாரண விசாரிப்பு. ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி வந்தால் அது எதற்கு என்று நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கேள்வி வருகிற அறையில் ஒரு ஆள் மனம் திறந்து பேசமாட்டார். நல்ல குழுவில் வழிநடத்துபவர் அந்த இடத்திலேயே பேச்சை வெட்டிவிடுவார். அவர் வெட்டுகிறாரா, தானும் தலையாட்டுகிறாரா என்று பாருங்கள். அதேபோலச் சீட்டு பிடிப்பது, கைமாற்று கேட்பது, இன்ஷூரன்ஸ் விற்பது, தேர்தல் நேரத்தில் கட்சி பேசுவது. குழு உடைவதற்கு இந்த நாட்டில் குடியைவிடக் கைமாற்றுதான் பெரிய காரணமோ என்று சில சமயம் தோன்றும். கடன் வாங்கியவர் முகத்தைப் பார்க்கக் கூசிக் கூட்டத்துக்கு வரமாட்டார். வராதவர் எங்கே போவார் என்று சொல்லவேண்டியதில்லை.

மாத்திரை விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, ‘அதுவும் போதைதான், அதையும் விட்டாத்தான் நீ சுத்தம்’ என்று சொல்லும் பழைய உறுப்பினர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே சொல்கிறது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினால் தற்கொலை எண்ணம் வரை போகலாம். இப்படி ஒருவர் சொன்னால் அவரைத் தவிருங்கள். குழுவே சொன்னால் குழுவைத் தவிருங்கள்.

கூட்டம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுகிறவர்களே பெரும்பாலும் பிறகு வராமல் போகிறவர்கள். உண்மையான வேலை அடுத்த கால் மணி நேரத்தில், வெளியே டீக்கடையில் நடக்கிறது. அங்கே மூன்று பேரின் போன் எண்ணை வாங்குங்கள். ஒருவரை அடுத்த நாளே அழையுங்கள், குடிக்கத் தோன்றாத ஒரு நேரத்தில். சும்மா ‘சாப்டீங்களா’ என்று கேட்கவாவது. ஏனென்றால் கை துடிக்கிற நேரத்தில் முதன்முதலாக ஒருவரை அழைப்பது நடக்காத காரியம். முன்பே பேசிப் பழகிய எண் என்றால்தான் விரல் போகும். மூவரில் திரும்ப அழைத்துக் கேட்கிறவர் யாரோ அவரே பிறகு ஸ்பான்சராக வரத் தக்கவர். ஸ்பான்சர் என்பவர் பன்னிரண்டு படிகளில் கூட நடந்து வருகிறவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். குறைந்தது ஓராண்டாவது குடிக்காமல் இருப்பவர். உங்களுக்கு முதலாளியாகவோ கடன் கொடுத்தவராகவோ சம்பந்தியாகவோ இல்லாதவர். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மனஸ்தாபம் கிடையாது.

‘நம்ம ஊர்க்காரன் யாராவது பார்த்துட்டா?’ இந்தக் கேள்வியால் நின்றுபோனவர்கள் ஏராளம். தினமும் கடை வாசலில் ஊரே பார்க்க நின்றவருக்கு இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டார் கேலி செய்கிறார்கள். கேலி வேண்டாம், அரசு வேலையில் இருப்பவருக்கும், பெண் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் அது நிஜமான பயம். வழி இருக்கிறது. முதல் இரண்டு மாதம் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகலாம்: ஆம்பூர்க்காரர் வேலூருக்கு, வேலூர்க்காரர் ராணிப்பேட்டைக்கு. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கை துடித்தால் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நண்பர் வந்து நிற்க முடியாது. ஆகவே கால் ஊன்றியதும் உள்ளூர்க் குழு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேரும்போது முழுப் பெயர், குடும்பப் படம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் படம் எடுத்துப் பகிர்கிற குழு என்றால் விலகிக்கொள்ளுங்கள். இணையவழிக் கூட்டங்கள் தமிழிலும் உண்டு. மழை, இரவு ஷிப்ட், வெளியூர்ப் பயணம் இவற்றுக்கு நல்லது. முதல் மாதம் முழுவதையும் அதிலேயே ஓட்டுவது நல்லதல்ல. கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு கேட்பதில் பாதிக்குமேல் வீண்.

பெண்களுக்கு நிலைமை கஷ்டம். குடிக்கிற பெண்கள் இல்லாமல் இல்லை, ஆனால் ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் தனியாகப் போய் உட்காருவது நம் ஊரில் எப்படி முடியும் என்று சொல்லவேண்டியதில்லை. போன் செய்யும்போதே பெண் உறுப்பினர் யாராவது பேசுவார்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் ஆரம்பிப்பது மேல்.

மனைவிமார், பெற்றோர்கள் திறந்த கூட்டத்துக்கு வரலாமே தவிர, தங்கள் சொந்தக் கவலையைப் பேச ஏ.ஏ. கூட்டம் இடமல்ல. அவர்களுக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அலாட்டீன். கணவர் குடியை நிறுத்தாவிட்டாலும் மனைவி அல்-அனான் போகலாம், போக வேண்டும். வீட்டாருக்கு இரண்டே வார்த்தை. கூட்டத்திலிருந்து வந்தவரிடம் ‘என்ன பேசினீங்க, யார் யார் வந்தாங்க’ என்று துருவாதீர்கள், வாயை ஊதச் சொல்லாதீர்கள். சோறு போட்டாலே போதும். இன்னொன்று, சாம்பாரில் கலக்கும் ரகசியப் பொடி. அதில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கடைசியாக மது குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே, நோயாளியின் சம்மதத்தோடு அந்த மருந்தை டாக்டர் தருவார். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும். அவருக்கே தெரியாமல் கொடுப்பதற்கான மருந்தில்லை அது.

ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே குழுவுக்கு நாலைந்து வாரம், இடையில் வேறு இரண்டு குழு என்று பார்த்தால்தான் தெரியும். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று ஏ.ஏ.வில் ஒரு வழக்கு உண்டு. பெரிய நகரத்துக்குச் சரி. இங்கே வாரம் இரண்டு நேரடிக் கூட்டம், மற்ற நாள் போனோ இணையமோ என்று வைத்துக்கொண்டால் நடக்கிற காரியம். காலண்டரைப் பார்த்துத் திட்டமிட வேண்டிய நாட்களும் உண்டு: பாலாற்றங்கரை மயானக் கொள்ளை, வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, ஆடியில் கூழ் வார்த்தல், பொங்கலில் கரிநாள், சாவு வீட்டு ராத்திரி, பதினாறாம் நாள் காரியம். அந்த நாட்களுக்கு முந்தைய கூட்டத்திலேயே ‘நாளைக்கு எங்க ஊர்த் திருவிழா’ என்று வாய்விட்டுச் சொல்லி, யார் எத்தனை மணிக்குப் போன் செய்வது என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் சிலர் சறுக்குவார்கள். சறுக்கிய மறுநாள் அதே அறைக்கு வந்து உட்காரும்போது அந்தக் குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நாங்கள் எல்லாவற்றிலும் மேலான அளவுகோலாக வைத்திருக்கிறோம். ‘வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க’ என்று நாற்காலி இழுத்துப் போட்டால் நீங்கள் தேடிய குழு அது. ஆறு மாதக் கணக்குப் போச்சே என்று பத்துப் பேர் முன்னால் பாடம் எடுத்தால் அவர் அடுத்த சறுக்கலைச் சொல்லவே மாட்டார்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. மருத்துவமனைகளுக்கு: டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுவதோடு விடாமல், நோயாளி வார்டில் இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, உள்ளூர் உறுப்பினர் ஒருவரைப் போனில் பிடித்துப் பேசவைத்து, வெளியே வந்த முதல் வாரத்துக்குள் எந்தக் கூட்டம், யார் வாசலில் நிற்பார் என்பதை முடித்து அனுப்ப வேண்டும். செவிலியரோ சமூகப் பணியாளரோ செலவிட வேண்டியது பத்து நிமிடம். குழுக்களும் மாதம் ஒருமுறை வார்டுக்கு வந்து பேச ஆள் தருவார்கள்; கேட்கத்தான் வேண்டும்.

தங்களுக்கு: வேலூர் பதிப்பில் உபன்யாசமும் புத்தக வெளியீடும் வரும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்றால் மிக நல்லது, மூன்று மாவட்டக் கூட்டங்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள். கிழமை, நேரம், இடம், எந்த வாசல், திறந்ததா மூடியதா, பேசும் மொழி, போனை எடுக்கும் நேரம் ஆகியவை போதும். காட்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்களுக்கு மொழி தெரிந்தால் உதவும். போடுவதற்கு முன் மாதாமாதம் அந்தந்தக் குழுவிடம் சரிபார்க்க வேண்டும். பழைய நேரத்தை நம்பிப் பூட்டிய கேட் முன் நின்றவர் இரண்டாம் தடவை வரமாட்டார். உறுப்பினர் பெயரும் படமும் வேண்டாம். செய்தியாளரை அனுப்பினால் திறந்த கூட்டத்துக்கு மட்டும், கேமரா இல்லாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடிநோயாளிகளின் குடும்பங்களோடு பணியாற்றுவோர் சிலர்,
வேலூர்.